சேவலின் குணமறிந்து தெரிவுசெய்தல்

வளவிற் கோழி வளர்க்கும் கமக்காரருக்கு

நெற்செய்கையும் மரக்கறிச் செய்கையும் செய்யும் கமக்காரர் பலர் வீட்டு வளவிற் பத்துப் பதினைந்து கோழிகளையும் வைத்திருக்கின்றனர். சூடடித்த களத்திற் சிந்திய நெல்லும், தூற்றி ஒதுக்கிய பதரும், தோட்டத்துப் புழு பூச்சிகளும், அடுக்களைக் கழிவும் அவற்றுக்கு உணவாகின்றன. அவற்றின் எச்சம் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளையாகின்றது. முட்டையும் இறைச்சியும் வீட்டுச் செலவைக் குறைக்கின்றன.

இத்தகைய சிறு கூட்டத்திற் பேடுகள் பலவாயினும் சேவல் ஒன்று அல்லது இரண்டே இருக்கும். அடுத்த முறை பொரிக்கும் குஞ்சுகள் யாவும் தம் இயல்பிற் பாதியை அந்த ஒரு சேவலிடமிருந்தே பெறுகின்றன. ஆகவே, பேடு ஒன்றைத் தவறாகத் தெரிந்தால் வரும் நட்டம் சிறிது. சேவலைத் தவறாகத் தெரிந்தால் அந்நட்டம் கூட்டம் முழுவதையும் சாரும்.

சேவலைத் தெரியும்போது கமக்காரர் அதன் நிறை, நிறம், கொண்டை, கால், நெஞ்சு ஆகியவற்றைப் பார்ப்பர். இவை பார்க்க வேண்டியவையே. ஆனால் அதன் குணத்தைப் பார்ப்பவர் சிலரே. குணங்கெட்ட சேவல் பேடுகளின் முதுகைக் கிழிக்கும். தீன் வைக்கச் செல்பவரைப் பாயும். வளர்ந்தவரின் முழங்காலில் விழும் உதை, மூன்று வயதுக் குழந்தையின் முகத்தில் விழும். குதிமுள் கண்ணிற் பட்டால் அக்கண்ணை இழக்கவும் நேரிடலாம். ஆதலால், சேவலின் குணத்தை எவ்வாறு அறிவது, எதனை வைத்துக்கொள்வது, எதனை நீக்குவது என்பவற்றை இத்துண்டுப்பிரசுரத்தில் விளக்குகின்றோம்.

1. சேவலின் கடமை யாது?

முட்டை மாத்திரம் வேண்டுவோருக்குச் சேவல் தேவையில்லை. சேவல் இன்றியும் பேடு முட்டையிடும். அம்முட்டை உண்பதற்கு உகந்ததே. குஞ்சு பொரிக்கவேண்டுமாயின் மாத்திரமே சேவல் வேண்டும். எனவே, "எமக்குச் சேவல் வேண்டுமா?" என்ற கேள்வியை முதலிற் கேட்டுக்கொள்ளுங்கள். அடை வைக்கும் எண்ணம் இல்லாத வீட்டில், சிறுவர் விளையாடும் வளவில், சேவலைத் தவிர்ப்பதே எளிய வழி.

அடை வைப்போருக்குப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். பருத்த இனங்களாயின் எட்டுப் பேட்டுக்கு ஒன்று என்றும், மெலிந்த இனங்களாயின் பன்னிரண்டுக்கு ஒன்று என்றும் கொள்ளலாம். பேடுகள் மூன்று நான்கு மாத்திரம் உள்ள இடத்திற் சேவல் ஒன்று நின்றாலும் அவற்றுக்கு ஓய்வு கிடையாது. ஒரே பேட்டை அடிக்கடி மிதித்து அதன் முதுகிறகை உதிர்த்துவிடும்.

நற்சேவல் மூன்று கடமைகளைச் செய்கின்றது. பேடுகளைச் சினைப்படுத்துகின்றது, அவற்றுக்கு இரை காட்டுகின்றது, பகை வரும்போது எச்சரிக்கின்றது. வீட்டாரைத் தாக்குவது இவற்றுள் ஒன்றன்று. "மூர்க்கமான சேவலே பருந்தையும் கீரியையும் விரட்டும்" என்று சிலர் எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணம். காவலுக்கு வேண்டியது விழிப்பு. விழிப்புள்ள சேவல் பருந்தைத் தொலைவிற் கண்டே குரல் கொடுக்கும். மனிதரின் காலை நோக்கி நிற்கும் சேவல் வானத்தை நோக்குவதில்லை.

2. கூட்டத்தின் ஒழுங்கு

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழியாகும். நமது இலங்கைக் காடுகளில் உள்ள காட்டுக்கோழி அதற்கு உறவான வேறோர் இனம். காட்டில் வலிய சேவல் ஒன்று தனக்கென ஓர் இடத்தையும் சில பேடுகளையும் வைத்துக்கொண்டு, பிற சேவல்களை அவ்விடத்திலிருந்து துரத்தும். வீட்டுச் சேவலின் சண்டைக்குணம் இவ்வழியே வந்தது. ஆகவே, சேவல் சண்டையிடுவது வியப்பன்று. எதனோடு சண்டையிடுகின்றது, எப்போது நிறுத்துகின்றது என்பனவே கவனிக்கத்தக்கவை.

கோழிகளிடையே மேல் கீழ் என்னும் ஒழுங்கு உண்டு. மேலுள்ள கோழி கீழுள்ளதைக் கொத்தும். கீழுள்ளது திருப்பிக் கொத்தாது விலகும். இதனை நோர்வே நாட்டவரான ஷெல்டெரப் எப்பே என்பவர் ஆராய்ந்து 1922 ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். இவ்வொழுங்கு ஒருமுறை அமைந்துவிட்டாற் கூட்டத்திற் சண்டை குறையும். புதுக் கோழியைச் சேர்த்தாலும், உள்ளதை நீக்கினாலும், ஒழுங்கு குலைந்து சில நாட்களுக்குச் சண்டை மிகும். அந்நாட்களிற் சேவலின் குணத்தைத் தீர்மானித்தல் ஆகாது.

சேவல் கூவுவதிலும் இவ்வொழுங்கு உண்டு. அதிகாலையில் முதன்மைச் சேவலே முதலிற் கூவும். ஏனையவை தத்தம் நிலைக்கேற்பப் பின்னர் கூவும் என்பதை யப்பானிய ஆராய்ச்சியாளர் 2015 ஆம் ஆண்டிற் காட்டினர். இரண்டு மூன்று சேவல் உள்ள வளவில், விடியற் பொழுதிற் படுக்கையிற் கிடந்தவாறே எது தலைமைச் சேவல் என்பதை நீங்கள் அறியலாம்.

3. எந்த வயதிற் குணம் தெரியும்?

சேவற்குஞ்சுகள் சில வாரத்திலேயே நெஞ்சோடு நெஞ்சு மோதி விளையாடும். அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நான்கு ஐந்து மாதத்திற் கூவத் தொடங்கும். கொண்டையும் தாடியும் சிவக்கும். இக்காலத்தில் ஆண்மைச் சுரப்பு உடலிற் பெருகுவதாற் சேவலின் நடத்தை விரைவாக மாறும். நேற்றுவரை கையிலிருந்து தீன் உண்டது இன்று கையைக் கொத்தலாம்.

விடலைச் சேவல் பேடுகளைத் துரத்திப் பிடிப்பது இவ்வயதிற் பொதுவான குறை. முதிர்ந்த பேடுகள் அதனைக் கொத்தி ஒழுங்கு கற்பிக்கும். விடலைப் பேடுகளோடு மாத்திரம் அதனை விட்டால் அவை துன்புறும். எனவே, விடலைச் சேவல்களை வேறாகவோ முதிர்ந்த பேடுகளோடோ வளர்த்தல் நன்று.

முதற் பார்வையை ஆறு மாதத்திலும், இரண்டாம் பார்வையை எட்டு ஒன்பது மாதத்திலும், முடிவான தீர்மானத்தை ஏறக்குறைய ஒரு வயதிலும் செய்யுங்கள். அதுவரை இரண்டு மூன்று சேவற்குஞ்சுகளைத் தெரிவுக்கென வைத்திருங்கள். ஒன்றையே வைத்திருப்பவருக்குத் தெரிவு என்பது இல்லை. சிறகுதிர் காலத்திற் சேவல் சோர்ந்து சாதுவாகத் தோன்றும். அக்காலத்துச் சாந்தத்தை நம்பவேண்டாம்.

4. நற்குணத்தின் அடையாளங்கள்

(அ) இரை கண்டவுடன் தான் விழுங்காது, குறுகிய ஒலி எழுப்பி, இரையை எடுத்தும் போட்டும் பேடுகளை அழைக்கும். பேடுகள் ஓடிவந்து உண்ண இடங்கொடுக்கும்.

(ஆ) வானிற் பருந்து தோன்றினால் மெல்லிய நீண்ட குரல் கொடுக்கும். பேடுகளும் குஞ்சுகளும் புதருள் ஒளியும். நாய், கீரி முதலியன தரையில் வந்தால் விட்டுவிட்டு உரத்த குரலிற் கொக்கரிக்கும். பேடுகள் தலைநிமிர்ந்து பார்க்கும். இவ்விரு குரல்களும் வேறானவை. இவற்றை வேறுபடுத்தித் தரும் சேவல் நல்ல காவற்காரன்.

(இ) ஒரு சிறகைத் தாழ்த்திப் பேட்டைச் சுற்றிவந்து ஆடும். பேடு விலகினால் வற்புறுத்தாது விட்டுவிடும்.

(ஈ) நீங்கள் அருகிற் சென்றால் இரண்டு மூன்று அடி விலகி வழிவிடும். ஓடி ஒளியாது; எதிர்த்தும் நில்லாது.

(உ) பேடுகள் இரண்டு சண்டையிட்டால் நடுவே சென்று பிரித்துவிடும்.

(ஊ) குஞ்சுகளைக் கொத்தாது. தாயோடு கூடவே மேயவிடும்.

5. தீக்குணத்தின் அடையாளங்கள்

சேவல் ஒரு நாளில் மூர்க்கமாவதில்லை. படிப்படியாகவே ஆகும். அப்படிகளை அறிந்தவர் முதலுதைக்கு முன்னரே எச்சரிக்கையாவர்.

முதற்படி: நீங்கள் உள்ளே செல்லும்போது மேய்ச்சலை நிறுத்தி ஒரு கண்ணால் உங்களையே நோக்கும். நீங்கள் நகர நகரத் தானும் நகரும்.

இரண்டாம் படி: பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு சிறகைத் தாழ்த்தி, சிறு அடியெடுத்து ஆடும். சிலர் இதனை அன்பென்று எண்ணி மகிழ்வர். பேட்டின் முன் ஆடினால் அது காதல். உங்கள் காலின் முன் ஆடினால் அது சவால்.

மூன்றாம் படி: தலையைத் தாழ்த்திக் கழுத்திறகை விரிக்கும். தரையிற் கிடக்கும் துரும்பைக் கொத்துவதுபோற் பாவனை செய்யும். கண்ணோ உங்கள் மேலிருக்கும். இரு சேவல்கள் மோதுவதற்கு முன்னரும் இதனையே செய்யும்.

நான்காம் படி: நீங்கள் திரும்பி நடக்கும்போது பின்னால் ஓடிவரும். செருப்பை, சாரத்தின் விளிம்பை, வாளியைக் கொத்தும்.

ஐந்தாம் படி: இரு காலையும் முன்னே நீட்டிப் பாய்ந்து குதிமுள்ளால் அடிக்கும்.

பேடுகள் தரும் சான்றையும் நோக்குங்கள். முதுகிறகு உதிர்ந்து தோல் தெரிதல், சிறகின் கீழே விலாவிற் கீறல், கொண்டையிற் குருதி, சேவலைக் கண்டவுடன் கூட்டினுள் ஒளிந்து வெளிவராதிருத்தல் ஆகியன அச்சேவல் கொடியது என்பதைக் காட்டும். காயம் சிறகின் கீழே மறைந்திருக்குமாதலாற் பேட்டைக் கையிலெடுத்துப் பார்த்தல் வேண்டும்.

6. அச்சம் வேறு, மூர்க்கம் வேறு

பிடிக்கும்போது சிறகடித்துக் கத்தும் சேவலைத் தீக்குணமுடையதெனத் தள்ளிவிடாதீர்கள். அது அஞ்சுகின்றது, விட்டவுடன் ஓடிவிடும். மூர்க்கச் சேவலோ விட்டவுடன் திரும்பி வரும். இதுவே வேறுபாடு.

கையில் வைத்துச் செல்லமாக வளர்த்த சேவற்குஞ்சு பெரும்பாலும் அச்சமற்று வளரும். பேடுகளுக்கு இது நன்மை. சேவலுக்கு எப்போதும் நன்மையன்று. மனிதரைத் தன் கூட்டத்தவரென எண்ணிய சேவல், பருவம் வந்தபின் மனிதரோடும் மேல் கீழ் பார்க்கத் தொடங்கும். ஆகவே, சேவற்குஞ்சுகளை அடிக்கவும் வேண்டாம். மடியில் வைத்துக் கொஞ்சவும் வேண்டாம். வாரம் ஒருமுறை பிடித்து, உடலைப் பார்த்து, அமைதியாக விட்டுப் பழக்குங்கள்.

பிற சேவலோடு சண்டையிடும் குணமும் மனிதரைத் தாக்கும் குணமும் ஒன்றல்ல. சண்டைக்கென வளர்க்கப்பட்ட அசீல் இனச் சேவல்கள் வேறு சேவலைக் கண்டாற் சாகும்வரை பொருதும். ஆயினும் அவற்றுட் பல தம்மை வளர்ப்பவரின் கையில் ஆட்டுக்குட்டிபோல் அமைந்திருக்கும். எனவே, "அடுத்த வீட்டுச் சேவலை அடித்தது" என்பதனால் மாத்திரம் ஒரு சேவலை நீக்கவேண்டாம். "அடுத்த வீட்டுச் சேவலுக்கு அஞ்சி ஓடுகின்றது" என்பதனால் மாத்திரம் அது வீட்டாரைத் தாக்காதென நம்பவும் வேண்டாம்.

7. குணங்கெடக் காரணங்கள்

சேவலைக் குற்றஞ்சாட்டுமுன் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

நோவு: இரவில் விளக்கோடு சென்று சிறகின் கீழும் எச்சவாயைச் சுற்றியும் செள்ளும் பேனும் உண்டோவெனப் பாருங்கள். காலின் செதில் உயர்ந்து தடித்திருந்தாற் சொறிச்செள் பற்றியிருக்கின்றது. பாதத்தில் வீக்கம் உண்டோவெனவும் பாருங்கள். நோவுள்ள விலங்கு நற்குணத்தோடிராது.

பார்வைக் குறை: ஒரு கண் கெட்ட சேவல், அப்பக்கமாக வருபவரைக் கண்டு திடுக்கிட்டுப் பாயும். இது மூர்க்கமன்று. குரல்கொடுத்தவாறு நல்ல கண்ணின் பக்கமாகச் செல்லுங்கள்.

இடநெருக்கம்: பெரும்போகத்து மழைக்காலத்திலும், நாற்றுமேடையைக் காப்பதற்காகவும் கோழிகளை நெடுநாள் அடைத்து வைப்பதுண்டு. அக்காலத்திற் சண்டை மிகும். தீன்பாத்திரத்தையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஒரு கிடுகுத் தட்டியை நடுவே நிறுத்தினாற் கீழுள்ள கோழி மறைந்து தப்பும்.

சேவல் மிகுதி: ஆறு பேட்டுக்கு மூன்று சேவல் இருந்தால் மூன்றும் குணங்கெடும். மிகுதியை நீக்கினால் எஞ்சியது அமைதியடைவதும் உண்டு.

சிறுவரின் குறும்பு: தடியாற் குத்துதல், துரத்துதல், கல்லெறிதல் ஆகியவற்றாற் சேவல் மனிதரைப் பகையெனக் கற்கின்றது. பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுதல் பெற்றோர் கடமை.

இவற்றுள் எதுவும் இல்லாதிருந்தும் சேவல் தாக்குமாயின், குறை அதன் பிறவிக்குணத்தில் உள்ளதெனக் கொள்ளலாம். அக்குணம் ஓரளவு வழிவழி செல்வது. சண்டைக்குணம் மிக்கவற்றையும் குறைந்தவற்றையும் வேறுவேறாகத் தெரிந்து இனம்பெருக்கினால், சில தலைமுறையில் இரு வழியும் வேறுபடுகின்றன என்பதை அமெரிக்காவின் கான்சாசு மாநில ஆராய்ச்சியாளர் செய்த சோதனைகள் 1960 ஆம் ஆண்டளவிலேயே காட்டின. கமக்காரருக்கு இதன் பொருள் இதுவே: இன்று மூர்க்கச் சேவலின் முட்டையை அடை வைப்பவர், நாளை மூர்க்கச் சேவல்கள் பலவற்றை வளர்க்க நேரிடலாம்.

8. பத்து நாட் பரீட்சை

ஒரு கொப்பியில் ஒவ்வொரு சேவலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அடையாளத்துக்குக் காலில் நிறத்துணி ஒன்றைத் தளர்வாகக் கட்டுங்கள். பத்து நாட்களுக்குக் காலையும் மாலையும் சிறிது நேரம் அவதானித்து, கண்டதை மாத்திரம் எழுதுங்கள்.

முதலாவது, வழிவிடும் பரீட்சை. கூட்டத்தின் நடுவே இயல்பாக நடந்து செல்லுங்கள். சேவல் வழிவிடுகின்றதா, நிற்கின்றதா, நெருங்குகின்றதா?

இரண்டாவது, முதுகு காட்டும் பரீட்சை. பத்தடி சென்று திரும்பிப் பாருங்கள். பின்தொடர்ந்து வந்துள்ளதா?

மூன்றாவது, தீன் பரீட்சை. ஒரு கைப்பிடி நெல்லைத் தூவுங்கள். பேடுகளை அழைக்கின்றதா, விரட்டித் தானே உண்கின்றதா?

நான்காவது, பேட்டுப் பரீட்சை. ஒரு பேட்டைப் பிடித்துக் கத்த விடுங்கள். சேவல் ஓடிவந்து கொக்கரித்தல் கடமை. கையிற் பாய்தல் குற்றம். இதனைச் செய்யும்போது நீண்ட காற்சட்டை அணிந்து நில்லுங்கள். பிள்ளைகள் அருகில் நிற்கலாகாது.

ஐந்தாவது, புதியவர் பரீட்சை. வீட்டிற் கோழியோடு பழகாத பெரியவர் ஒருவரை, குடை அல்லது வாளியோடு வளவில் நடக்கவிடுங்கள். சில சேவல்கள் பழகியவரிடம் சாதுவாயிருந்து புதியவரைத் தாக்கும்.

இவற்றோடு மற்றொன்றும் செய்யவேண்டும். சேவல் ஆளுக்கேற்ப நடக்கும். வீட்டுத் தலைவருக்கு அஞ்சி விலகும் அதே சேவல், அவர் வயலுக்குச் சென்றபின் தீன் போடும் மனைவியைத் தாக்கலாம். பாடசாலையிலிருந்து வரும் மகளைப் படலையடியில் மறிக்கலாம். ஆகையால், சேவலின் குணத்தைப் பற்றி நாள்தோறும் தீன் வைப்பவரையும் பிள்ளைகளையும் கேளுங்கள். "ஒரு சேவலுக்கா பயப்படுகிறாய்?" என்று அவர்களை நகைத்துவிட்டால், அடுத்தமுறை அவர்கள் உண்மை சொல்லமாட்டார்கள்.

9. ஓர் உதாரணம்

ஒரு வளவிற் பன்னிரண்டு பேடுகளும் ஒரு வயதுச் சேவல்கள் மூன்றும் உள்ளன எனக் கொள்வோம். ஒன்றை வைத்து இரண்டை நீக்கவேண்டும்.

சிவப்புச் சேவல் மூன்றிலும் பெரியது, நெஞ்சு அகன்றது, பார்ப்பவர் யாவரும் புகழ்வர். ஆனால் கொப்பியில், பத்து நாளில் நான்கு முறை தீன் வைப்பவரின் பின்னே ஓடிவந்தது என்றும், ஒருமுறை சேலையிற் பாய்ந்தது என்றும், மூன்று பேடுகளின் முதுகு உரிந்துள்ளது என்றும் எழுதப்பட்டிருக்கின்றது.

சாம்பற் சேவல் நடுத்தர நிறை உடையது. எப்போதும் மூன்றடி விலகி நின்றது. ஒவ்வொரு முறையும் இரைக்குப் பேடுகளை அழைத்தது. இருமுறை பருந்துக்குக் குரல் கொடுத்தது. பேட்டைப் பிடித்தபோது ஓடிவந்து கத்தியது, தொடவில்லை.

வெள்ளைச் சேவல் யாரையும் தாக்கவில்லை. ஆனால் நாள் முழுவதும் வேலியோரம் தனியே நின்றது, பேடுகளை நெருங்கவில்லை.

நிறையை மாத்திரம் பார்ப்பவர் சிவப்பைத் தெரிவார். சாந்தத்தை மாத்திரம் பார்ப்பவர் வெள்ளையைத் தெரிவார். வெள்ளையின் அமைதி பிறவிக்குணமா, சிவப்புக்கு அஞ்சியதாலா என்பது இப்போது தெரியாது. சிவப்பை நீக்கி இரு வாரம் பார்த்தாற் தெரியும். சாம்பற் சேவலைத் தெரிபவரே சரியான தெரிவைச் செய்கின்றார். சிவப்பின் பருமனை இழப்பது நட்டமாகத் தோன்றும். ஆயினும் நல்ல தீனாலும், பருத்த பேடுகளின் முட்டைகளையே அடை வைப்பதாலும், நிறையைச் சில ஆண்டிற் கூட்டிக்கொள்ளலாம். குழந்தையின் கண்ணை அவ்வாறு மீட்க இயலாது.

10. மூர்க்கச் சேவலை நடத்தும் முறை

தீர்மானம் செய்யும்வரை பின்வருமாறு நடவுங்கள்.

ஓடவேண்டாம். ஓடினால் தான் வென்றதெனச் சேவல் கற்கும். காலால் உதைக்கவும் தடியால் அடிக்கவும் வேண்டாம். அடித்தால் நீங்களும் ஒரு சேவலே என எண்ணி மறுநாள் மேலும் வெகுண்டு வரும். ஒரு சுளகையோ சாக்கையோ காலுக்கு முன்னே பிடித்து அசையாது நில்லுங்கள். சேவல் தணிந்தபின் மெல்ல அதனை நோக்கி இரண்டடி சென்று, அது விலகியபின் உங்கள் வேலையைச் செய்யுங்கள். வெளியேறும்போது முதுகு காட்டவேண்டாம்.

பிடிக்கவேண்டுமாயின் இரவிற் பிடியுங்கள். இருளிற் கோழி அடங்கியிருக்கும். இரு சிறகையும் சேர்த்தணைத்து, காலைக் கையாற் பற்றி, தலை பின்னோக்கியிருக்கக் கக்கத்தில் ஏந்துங்கள். முகத்தருகே கொண்டுவரலாகாது.

குதிமுள் நீண்டு கூர்ந்திருந்தால் அதன் நுனியை மாத்திரம் அரத்தால் உராய்ந்து மழுக்கலாம். உள்ளே உயிருள்ள எலும்பும் குருதியும் உண்டு, அடியோடு வெட்டலாகாது. முள் மழுங்கினாற் காயம் குறையும், குணம் மாறாது.

பள்ளிக்குச் செல்லாச் சிறு குழந்தைகளைச் சேவல் திரியும் வளவில் தனியே விடாதீர்கள். யாருக்கேனும் காயமேற்பட்டாற் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவுங்கள். குதிமுள்ளின் காயம் சிறிதாகத் தோன்றினாலும் ஆழமானது. ஏற்புவலி உண்டாகாதிருக்க ஊசி தேவையோ என வைத்தியசாலையிற் கேளுங்கள். கண்ணிலோ கண்ணருகிலோ பட்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இரண்டு மூன்று வாரம் இவ்வாறு நடந்தபின் சில விடலைச் சேவல்கள் திருந்தும். ஒரு வயது கடந்தும் தாக்குதல் தொடர்ந்தாற் காத்திருப்பதிற் பயனில்லை.

11. நீக்குதலும் புதியது சேர்த்தலும்

மனிதரைத் திரும்பத் திரும்பத் தாக்கும் சேவலின் முட்டையை அடை வைக்கவேண்டாம். அதனைக் கறிக்காக ஒதுக்குவதே பெரும்பாலும் ஏற்றது. உயிர்க்கொலை விரும்பாத வீட்டார் அதனைத் தனிக்கூட்டில், நிழலும் நீரும் உள்ள இடத்தில், படலைக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கலாம். குணத்தை மறைத்து அயலவருக்கு விற்பதும், கோயில் வளவிற் கொண்டுபோய் விட்டுவிடுவதும் தகாத செயல்கள். நம் பிள்ளையைத் தாக்கியது அங்கே மற்றொருவர் பிள்ளையைத் தாக்கும்.

சேவலை நீக்கியபின்னும் பேடுகள் ஏறக்குறைய இரண்டு வாரம், சில வேளை மூன்று வாரம்வரை, அதன் கருவுள்ள முட்டைகளை இடும். ஆகவே, மூன்று வாரத்து முட்டைகளை உணவுக்கோ விற்பனைக்கோ எடுத்துக்கொண்டு, அதன்பின் புதுச் சேவலைச் சேருங்கள். சேர்த்து ஒரு வாரமளவிற் சென்றபின் அடைமுட்டைகளைச் சேகரிக்கத் தொடங்கலாம். இருபத்தொரு நாளிற் குஞ்சு பொரிக்கும்.

வெளியிலிருந்து சேவல் வாங்கினால், அதன் தந்தைச் சேவலைச் சென்று பாருங்கள். அவ்வீட்டுச் சிறுவர் அதனருகே அச்சமின்றி நடக்கின்றனரோவெனக் கவனியுங்கள். வாங்கிய சேவலை மூன்று நான்கு வாரம் வேறு கூட்டில் வையுங்கள். இராணிக்கேற் முதலிய நோய்களுக்கான தடுப்பு மருந்து பற்றி அண்மையிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். பின்னர், சில நாள் கம்பிவலை இடையிருக்கப் பேடுகள் காணும்படி வைத்து, ஒரு மாலைப்பொழுதிற் கூட்டினுள் விடுங்கள்.

12. நினைவிற் கொள்ளவேண்டியவை

அடை வைக்காத வீட்டுக்குச் சேவல் தேவையில்லை.

தெரிவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சேவற்குஞ்சுகளை வளர்த்து, ஒரு வயதளவில் தீர்மானியுங்கள்.

நோவும் நெருக்கமும் குறும்பும் காரணமோவென முதலிற் பாருங்கள்.

காலின் முன் சிறகு தாழ்த்தி ஆடுவது அன்பன்று, எச்சரிக்கை.

தீன் வைப்பவரின் சொல்லுக்கும் பிள்ளைகளின் சொல்லுக்கும் செவிகொடுங்கள்.

மூர்க்கச் சேவலின் முட்டையை அடை வைக்காதீர்கள்.

விதைநெல்லைத் தெரியும்போது கலப்பையும் பதரையும் நீக்கி, அடுத்த போகத்தை எண்ணியே கமக்காரர் கை வைக்கின்றார். சேவலைத் தெரிவதும் அவ்வாறானதே. இந்தப் போகத்து அடை வைக்குமுன் உங்கள் வளவிற் கொப்பியோடு பத்து நாள் நின்று பாருங்கள்.